ஐரிஷ் இலக்கியத்தில் இனமும் குடியேற்றமும்: டப்ளினா, கால்வேயா, பெல்ஃபாஸ்டா, அமெரிக்காவா?

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவர்களும் முடிக்கப்போகிறவர்களும் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். இன்றைய ஐரிஷ் இலக்கியத்தில் இனம், குடியேற்றம், அடையாளம் பற்றிப் படிக்க ஆசை. அதற்கு அயர்லாந்துக்கே போவதா, எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கா, பணம் கொடுத்துப் படிக்க வைக்கிற அமெரிக்காவுக்கா? பெரும்பாலானவர்கள் உலகத் தரவரிசையைப் பார்த்துவிட்டு டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். டிரினிட்டி நல்ல இடம்தான். ஆனால் இந்தப் பாடத்துக்கு இடம் தேட தரவரிசை பெரிதாக உதவாது. ஏன் என்று புரிய, இது எந்த மாதிரி இலக்கியம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

## எதைப் படிக்கப் போகிறோம்?

ஒன்றரை நூற்றாண்டாக ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்த நாடு அயர்லாந்து. 1990-களின் நடுவில் பொருளாதாரம் எழுந்தபோதுதான் பெரிய அளவில் ஆட்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். 2004 மே மாதம் போலந்து, லித்துவேனியா உள்ளிட்ட பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர்களுக்கு முதல் நாளே கதவைத் திறந்த மூன்று பழைய உறுப்பு நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. அடுத்த மாதமே, ஜூன் 11 அன்று, ‘இங்கே பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் குடியுரிமை’ என்ற உரிமையை நீக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய 79 சதவீதம் பேர் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்பே ‘டைரக்ட் ப்ரொவிஷன்’ வந்துவிட்டது. தஞ்சம் கேட்டு வருகிறவர்களை விடுதிகளில் அடைத்து, வேலை செய்ய விடாமல், பெரும்பாலான இடங்களில் சொந்தமாகச் சமைக்கவும் விடாமல், வாரம் 19 யூரோ சொச்சம் கையில் கொடுத்த முறை அது. ஒரு கையால் கூப்பிட்டு மறு கையால் தள்ளிய இந்தக் காலம்தான் நீங்கள் படிக்கப்போகும் இலக்கியத்தின் பிறப்பிடம்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் வசிப்போரில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்தியக் குடிமக்கள் மட்டுமே 45,000-க்கு மேல்.

இந்த இலக்கியத்துக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் குடியேறியவர் ஒரு பாத்திரமாக வந்தார். எழுதியவர் உள்ளூர் வெள்ளை ஐரிஷ்காரர். நைஜீரியாவிலிருந்து வந்த இரண்டு பத்திரிகையாளர்கள் 2000-இல் தொடங்கிய ‘மெட்ரோ ஏரன்’ இதழில் டப்ளின் நாவலாசிரியர் ராடி டாயில் மாதம் 800 சொல் வீதம் தொடர்கதைகள் எழுதினார். அவை 2007-இல் தொகுப்பாக வந்தன. இரண்டாம் கட்டத்தில் வந்தவர்களே எழுதத் தொடங்கினார்கள். எட்டு ஆண்டுகளுக்கு மேல் டைரக்ட் ப்ரொவிஷனில் வாழ்ந்த மெலாட்டு உச்சே ஒகோரியின் சிறுகதைத் தொகுப்பு 2018-இல் வந்தது. அதை வெளியிட்டது ஸ்கீன் பிரஸ் என்ற சின்னஞ்சிறு டப்ளின் பதிப்பகம். பெரிய பதிப்பகம் அதை எடுத்தது அடுத்த ஆண்டுதான். 2019-இல் டெடலஸ் பிரஸ் ‘புதிய ஐரிஷ்’ கவிஞர்களின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபெலிஷியா ஒலுசான்யாவின் கவிதை 2023 முதல் பள்ளி இறுதித் தேர்வுப் பாடத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலிருந்தும் ஒருவர் இருக்கிறார். சென்னைக்காரரான காவேரி மாதவன் அயர்லாந்தில் குடியேறி, 2001-இல் டப்ளினுக்கு வரும் இந்திய மருத்துவரைப் பற்றித் தன் முதல் நாவலை எழுதினார். 2020-இல் வந்த நாவலில், 1920-இல் இந்தியாவில் கலகம் செய்த ஐரிஷ் படைவீரர்களின் வரலாற்றையும் ஆங்கிலோ இந்தியர்களின் வாழ்வையும் சேர்த்துப் பின்னினார். அயர்லாந்தை வெறும் காலனியாக மட்டும் படித்துப் பழகியவர்களுக்கு அந்த நாவல் நல்ல தொந்தரவு கொடுக்கும். அதை விரிவாக யாராவது ஆய்வு செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

## எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். அவை சம எடை உள்ளவை அல்ல. முதல் இரண்டும்தான் படிப்பின் தரத்தைத் தீர்மானிப்பவை. மற்ற மூன்றும் அந்தப் படிப்பை நீங்கள் முடிப்பீர்களா என்பதைத் தீர்மானிப்பவை.

நூல்களுக்கு எவ்வளவு அருகில்? இந்தத் துறையின் மூலங்கள் பல சிறு பதிப்பகங்களிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் நின்றுபோன இதழ்களிலும் இருக்கின்றன. ஒரு உதாரணம்: நைஜீரியாவிலிருந்து வந்த நாடகக்காரர் பிஸி அடிகுனும் ராடி டாயிலும் சேர்ந்து, ஐரிஷ் நாடகாசிரியர் ஜே.எம். சிங்கின் (Synge) புகழ்பெற்ற நாடகத்தை ஒரு நைஜீரியர் டப்ளினுக்கு வரும் கதையாக மாற்றி எழுதினார்கள். டப்ளினின் ஆபி தியேட்டரில் 2007-இல் மேடையேறியது. பிறகு வழக்கு, சமரசம் என்று போனதில் பல ஆண்டுகள் பிரதி அச்சில் கிடைக்கவில்லை. அதைப் பற்றிய கட்டுரைகளைத் திருச்சியில் உட்கார்ந்தும் படிக்கலாம். நாடகத்தைப் படிக்க வழியில்லாமல் இருந்தது.

வழிகாட்டுகிறவர் யார், பாடத்திட்டத்தில் யார்? விண்ணப்பிக்கும் முன் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் குடியேறியவர் எழுத்தாளராக வருகிறாரா, பாத்திரமாக மட்டும் வருகிறாரா என்று எண்ணுங்கள். டாயில், டோனல் ரயன், செபாஸ்டியன் பாரி என்று மட்டும் போகிற பட்டியல் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்ட பட்டியல். நல்ல பாடமாக இருக்கலாம். நீங்கள் தேடுவது அதுவாக இருக்காது. ‘டிராவலர்’ சமூகத்தவரின் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். நாடோடி மரபுடைய, தோலின் நிறத்தில் வெள்ளையரான இந்தச் சமூகத்தை அரசு தனி இனக்குழுவாக ஏற்றது 2017 மார்ச் 1 அன்றுதான். அவர்களை விட்டுவிட்டு அயர்லாந்தில் இனம் பற்றிப் பேசும் பாடத்தை நான் நம்ப மாட்டேன். நிறம் மட்டுமே இனம் அல்ல என்பதை அயர்லாந்து கற்றுத்தருகிற இடமே அதுதான்.

பணம். கட்டணத்தோடு வாடகை, காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து.

விசா. படிக்கும்போது எங்கெல்லாம் போகலாம், முடித்த பிறகு எவ்வளவு நாள் இருக்கலாம்.

அங்கே நீங்கள் யார்? இந்த இலக்கியத்தைப் படிக்கிற இந்திய மாணவர் அங்கே குடிவரவு அலுவலகத்தின் வரிசையிலும் நிற்கிறார். பாடமும் வாழ்வும் ஒன்றையொன்று தொடும். அது சிலருக்கு எழுதுகிற வேகத்தைக் கொடுக்கும், சிலரைத் தளரச் செய்யும்.

## டப்ளின்

நூல்களுக்கு இதைவிட அருகில் போக முடியாது. டிரினிட்டி நூலகம் 1801-இலிருந்து சட்டப்படி பிரதி பெறும் நூலகம்; அயர்லாந்தில் மட்டுமல்ல, பிரிட்டனில் வெளியாகும் நூல்களையும் கேட்டுப் பெறும் உரிமை அதற்கு உண்டு. கில்டேர் தெருவில் தேசிய நூலகம். வாசகர் அட்டைக்குக் காசு இல்லை. ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்கா ஓரத்தில், யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளினும் தேசிய நூலகமும் சேர்ந்து 2019-இல் திறந்த இலக்கிய அருங்காட்சியகம். ஸ்கீன், டெடலஸ், டிராம்ப் போன்ற சிறு பதிப்பகங்கள் இந்த ஊரை மையமாகக் கொண்டவை. புத்தக வெளியீட்டுக்குப் போனால் எழுத்தாளரிடமே பேசிவிடலாம். இதை நான் சும்மா சொல்லவில்லை. வாழும் எழுத்தாளர்களை ஆய்வு செய்கிறவருக்கு அந்த ஒரு மாலைநேரப் பேச்சு ஒரு அத்தியாயத்துக்குச் சமம்.

டிரினிட்டியில் ஐரிஷ் எழுத்துக்கென்றே எம்ஃபில் இருக்கிறது. அங்கே எம்ஃபில் என்றால் ஓராண்டு முதுகலை. நம் ஊர் பழைய எம்ஃபில்லோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே கல்லூரியின் சமூகவியல் துறைக்கு இனம் பற்றிய ஆய்வில் நல்ல மரபு உண்டு. 2004 வாக்கெடுப்பைப் பற்றி ரோனிட் லென்டின் போன்றவர்கள் எழுதியவற்றைப் படிக்காமல் அதற்குப் பின் வந்த நாவல்களைப் படிப்பது அரைகுறைதான். சேருவதற்கு முன், இலக்கியத் துறையில் இருந்துகொண்டே சமூகவியல் வகுப்பு ஒன்றை எடுக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள்.

சரி, பணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு மனிதவியல் முதுகலைக் கட்டணம் பொதுவாக 18,000 முதல் 24,000 யூரோ வரை. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே இருபது லட்சத்தைத் தொடுகிறது. வாடகை அதைவிட மோசமான செய்தி. டப்ளினில் ஓர் அறைக்கு மாதம் 900, 1,000 யூரோ கேட்பது சாதாரணம். அந்த விலைக்கும் அறை கிடைப்பதில்லை. நகரத்துக்கு வெளியே தங்கி, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து போகிற மாணவருக்கு நான் மேலே சொன்ன மாலை நிகழ்ச்சிகள் எதுவும் கிடைக்காது. பக்கத்தில் இருப்பதற்காகத்தான் டப்ளின் போகிறோம். வாடகை அந்த அருகாமையையே பறித்துக்கொள்ளும். மறைமுகச் செலவு என்று நான் முதலில் எழுதுவது இதைத்தான். குடிவரவுப் பதிவுக்கு 300 யூரோ, தனியார் மருத்துவக் காப்பீடு இரண்டும் இதற்கு மேல்.

வேலை: பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம், கோடை மாதங்களிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் 40 மணி நேரம். முதுகலை முடித்தால் ஸ்டாம்ப் 1ஜி என்ற தங்கும் அனுமதி மூலம் இரண்டு ஆண்டு வரை தங்கி வேலை தேடலாம். ஆனால் கணினிக்காரர்களுக்கும் செவிலியர்களுக்கும் வேலை அனுமதி கிடைக்கிற எளிய வழி இலக்கியப் பட்டதாரிக்கு இல்லை. ‘அங்கே போய் வேலை தேடிக் கடனை அடைத்துவிடலாம்’ என்ற கணக்கை இந்தப் பட்டத்தை நம்பிப் போடாதீர்கள்.

ஊர் நிலவரத்தையும் மறைக்கக் கூடாது. 2023 நவம்பர் 23 அன்று டப்ளின் நடுவே குடியேறியோருக்கு எதிரான கலவரம் வெடித்தது. 2025 ஜூலையில் டாலா பகுதியில் ஓர் இந்தியர் தாக்கப்பட்டார். தொடர்ந்து வேறு தாக்குதல்களும் நடக்க, இந்தியத் தூதரகம் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. உள்ளூர்க்காரர்கள் பலர் இதைக் கண்டித்துத் தெருவில் இறங்கவும் செய்தார்கள். இரண்டும் அந்த ஊர்தான்.

யாருக்கு ஏற்றது: வாழும் எழுத்தாளர்கள், சிறு பதிப்பகங்கள், கவிதை மேடைகள் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு, கையில் உதவித்தொகை இருப்பவர்களுக்கு. முழுக்கக் கடனில் போகிறவர்களுக்கு இல்லை.

## கால்வே

பெயர் குறைவாக அடிபடுகிறது என்பதாலேயே பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். என்னைக் கேட்டால், நாடகத்தையும் மேடையையும் ஆய்வு செய்கிறவர்களுக்கு முதல் இடம் கால்வேதான்.

காரணம் கால்வே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆபி தியேட்டரின் டிஜிட்டல் ஆவணக் காப்பகம். அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கின் பிரதிகள், மேடைக் குறிப்புகள், ஒளிப்பதிவுகள் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அங்கே மின்வடிவில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹார்டிமன் நூலகத்துக்கே நேரில் போக வேண்டும். வீட்டில் இருந்தபடி திறக்க முடியாது. ட்ரூயிட் நாடகக் குழுவின் ஆவணங்களும் அங்கேதான். அயர்லாந்தில் குடியேற்றமும் நிகழ்த்துகலையும் பற்றி 2016-இல் முக்கியமான நூலை எழுதிய சார்லட் மக்ஐவர் பணியாற்றி வந்ததும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான். நூல், ஆவணம், ஆள் மூன்றும் ஒரே வளாகத்தில் கூடுவது அபூர்வம்.

ஐரிஷ் மொழி பேசும் பகுதிகள் பக்கத்தில் இருப்பது இன்னொரு சௌகரியம். குடியேறியோர் இலக்கியத்துக்கு ஐரிஷ் மொழி எதற்கு என்று கேட்கலாம். ஹியூகோ ஹாமில்டனின் 2003 தன்வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஜெர்மன்காரர், அப்பா வீட்டில் ஆங்கிலத்தைத் தடைசெய்த ஐரிஷ் மொழிப் பற்றாளர். பிள்ளைகள் தெருவில் அந்நியர்கள். மொழிப்பற்று சொந்தப் பிள்ளைகளையே அந்நியராக்கும் கதையை, ஐரிஷ் மொழியின் நிலைமை தெரியாமல் பாதிதான் புரிந்துகொள்ள முடியும். மொழி அரசியலோடு வளர்ந்த தமிழ் வாசகர்கள் இதில் உள்ளூர்க்காரர்களைவிடக் கூர்மையாகச் சிலவற்றைக் காண்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கட்டணம் டப்ளினைவிடக் கொஞ்சம் குறைவு. வாடகையும் குறைவு, ஆனால் ஊர் சிறியது. செப்டம்பரில் அறை தேடுவது பெரும்பாடு. தேசிய நூலகத்துக்குப் போக ரயிலில் இரண்டரை மணி நேரம். விசா விதிகள் டப்ளினுக்கு உள்ளவையே. 2012-இல் சவிதா ஹலப்பனவார் இறந்தது இந்த ஊர் மருத்துவமனையில்தான். கருக்கலைப்பு மறுக்கப்பட்ட ஓர் இந்தியப் பெண்ணின் மரணம் 2018-இல் அரசியல் சாசனத் திருத்தம் வரை போனது. பெண்ணுடல், குடியேற்றம், தேசம் பற்றி எழுத வருகிறவருக்கு கால்வே வெறும் கல்லூரி ஊராக இருக்காது.

யாருக்கு ஏற்றது: நாடகம், நிகழ்த்துகலை, மொழி அரசியல் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு, பெருநகரம் தேவைப்படாதவர்களுக்கு.

## பெல்ஃபாஸ்ட்

குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் ஆய்வு நிறுவனம் 1965-இலிருந்து இருக்கிறது. கவிஞர் ஷேமஸ் ஹீனி பெயரிலான மையம் 2004-இலிருந்து. இங்கே கேள்வியே வேறு. வட அயர்லாந்து மோதலை முடிக்க வந்த 1998 அமைதி உடன்படிக்கை, வட அயர்லாந்துக்காரர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்றது. அந்த இரண்டு கட்டங்களிலும் அடங்காத சீனக் கடைக்காரரும் கேரளச் செவிலியரும் சூடானிய அகதியும் எங்கே நிற்பது? 2024 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் குடியேறியோரின் கடைகள் எரிந்தபோதும், 2025 ஜூனில் பாலிமீனாவில் வீடுகள் தாக்கப்பட்டபோதும் இந்தக் கேள்வி ஏட்டிலிருந்து தெருவுக்கு வந்தது. அடையாளம் என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு இங்கே கிடைக்கும் பொருள் டப்ளினில் கிடைக்காது.

கட்டணம் 20,000 பவுண்டு அளவில். வாடகை டப்ளினைவிடத் தெளிவாகக் குறைவு. ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை விசாவோடு முன்கூட்டியே கட்ட வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வர முடியாது; திருமணமானவர்கள் கவனிக்கவும். படித்து முடித்த பின் தங்கும் காலம் இரண்டு ஆண்டு. 2027 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்றரை ஆண்டு.

பெரும்பாலானோர் தெரிந்துகொள்ளாமல் போகும் சிக்கல் ஒன்று இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் பிரிட்டிஷ் விசா, டப்ளின் ஐரிஷ் விசா. இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் இரண்டு மணி நேரம்தான். எல்லையில் சாவடி எதுவும் கிடையாது. ஐரிஷ்காரரும் பிரிட்டிஷ்காரரும் யோசிக்காமல் போய்வருவார்கள். பிரிட்டிஷ் மாணவர் விசாவில் இருக்கிற இந்தியர் அப்படிப் போக முடியாது. தனியாக ஐரிஷ் விசா வேண்டும். இரு நாடுகளுக்கும் ஒரே விசா என்று இந்தியர்களுக்கு இருக்கும் திட்டம் குறுகிய காலப் பயணிகளுக்கானது. சாவடி இல்லை என்று தைரியமாக ஏறிவிடாதீர்கள். எல்லை தாண்டும் பஸ்களிலும் ரயில்களிலும் ஐரிஷ் காவலர்கள் ஏறிச் சோதிப்பது உண்டு. நிறத்தைப் பார்த்துத்தான் அடையாள அட்டை கேட்கிறார்கள் என்ற புகார் நீண்ட காலமாக இருக்கிறது. டப்ளின் நூலகங்களை நம்பி பெல்ஃபாஸ்டில் சேர்வதானால் இந்த விசாவின் செலவையும் காத்திருப்பையும் கணக்கில் சேருங்கள். டப்ளினில் படிப்பவருக்கும் வேறொரு வேலி உண்டு: பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் அயர்லாந்து இல்லை. ஸ்பெயினில் ஒரு கருத்தரங்குக்குப் போக வேண்டுமென்றாலும் தனி விசா.

யாருக்கு ஏற்றது: பிரிவினை, எல்லை, மதம் ஆகியவற்றோடு குடியேற்றத்தைச் சேர்த்துப் படிப்பவர்களுக்கு, பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்குத் தகுதியான வேலை அனுபவம் இருப்பவர்களுக்கு. இலங்கை வாசகர்களுக்கும் அந்தத் திட்டம் திறந்திருக்கிறது.

## அமெரிக்கா

கையில் பணம் இல்லை, ஆனால் ஐந்தாறு ஆண்டு கொடுக்கத் தயார் என்றால் இதுதான் வழி. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கீயோ-நாட்டன் ஐரிஷ் ஆய்வு நிறுவனம் 1993-இலிருந்து இயங்குகிறது. ஐரிஷ் மொழிக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. டப்ளின் மெரியன் சதுக்கத்தில் சொந்தக் கட்டடமும் உண்டு. ஆங்கிலத் துறை முனைவர் பட்டத்துக்குக் கட்டண விலக்கும் ஐந்து ஆண்டு உதவித்தொகையும் தருகிறார்கள். பாஸ்டன் கல்லூரியின் பர்ன்ஸ் நூலகத்தில் ஐரிஷ் சேகரிப்பு பெரியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் மையம், கறுப்பின வேரும் ஐரிஷ் வேரும் கலந்தவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. ஆனால் அங்கே முதுகலையைச் சொந்தப் பணத்தில் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவுக்குப் போனால் முழு உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

இனம் பற்றிய கோட்பாட்டுப் பயிற்சியில் அமெரிக்காவுக்கு நிகர் இல்லை. ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வும் ஆசிய அமெரிக்க ஆய்வும் அடுத்தடுத்த அறைகளில் நடக்கும். இன ஒதுக்கலைத் தாங்களே அனுபவித்த ஐரிஷ் குடியேறிகள் அமெரிக்காவில் எப்படி ‘வெள்ளையர்’ ஆனார்கள் என்று 1995-இல் நோயல் இக்னேஷியேவ் எழுப்பிய கேள்வி இன்றும் சூடாக இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் அயர்லாந்து முழுக்கப் பேசிச் சென்ற வரலாற்றை இன்றைய ஐரிஷ் நாவல்கள் மறுபடி எழுதுகின்றன. அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய்வரும் கதைகளில் ஆர்வமென்றால் அமெரிக்காவில் படிப்பது சரியே.

ஆபத்தும் அதே இடத்தில்தான். அமெரிக்க இனக் கோட்பாட்டை அப்படியே எடுத்துப் போய் அயர்லாந்தின்மேல் பொருத்தினால் பல விஷயங்கள் கண்ணில் படாமல் போகும். டிராவலர்கள் வெள்ளையர்கள், போலந்துத் தொழிலாளர்கள் வெள்ளையர்கள். அவர்கள்மீதான வெறுப்பை கறுப்பு-வெள்ளை என்ற கோட்டை வைத்து அளக்க முடியாது. அமெரிக்கா போன்ற தோட்ட அடிமை முறையின் வரலாறு இல்லாத நாட்டில், தேவாலயமும் அரசும் நடத்திய இல்லங்களில் வளர்க்கப்பட்ட கலப்பினக் குழந்தைகளின் துயரத்துக்கு வேறு சொற்கள் தேவை. மூலங்களிலிருந்து ஒரு கடல் தூரம் தள்ளி உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்தத் தவறு எளிதில் நேரும்.

விசா நேர்காணல் இப்போது முன்பைவிடக் கடினம். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். இனமும் குடியேற்றமுமே ஆய்வுப்பொருள் என்று சொல்கிறவர்கள் இதன் எடையை உணர்ந்து முடிவெடுக்க வேண்டும். படித்து முடித்தபின் இலக்கியத்தவருக்கு வேலை செய்ய 12 மாதம்தான். அறிவியல் மாணவர்களுக்குக் கிடைக்கிற கூடுதல் இரண்டு ஆண்டு நமக்கு இல்லை. 2025-இல் பல பல்கலைக்கழகங்கள் மனிதவியல் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தன, சில நிறுத்தியே வைத்தன. அதனால் ஒரே இடத்தை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

யாருக்கு ஏற்றது: பேராசிரியராக வேண்டும் என்ற உறுதி உள்ளவர்களுக்கு, ஐரிஷ் இலக்கியத்தை மற்ற புலம்பெயர் இலக்கியங்களோடு சேர்த்துப் படிப்பவர்களுக்கு.

## வேறு சில கதவுகள்

கிரனடா பல்கலைக்கழகத்தின் பிலார் வில்லார்-ஆர்கைஸ் தொகுத்து 2014-இல் வந்த நூல், சமகால ஐரிஷ் இலக்கியத்தில் குடியேறியவர் என்ற பொருளில் இன்றுவரை எல்லோரும் முதலில் எடுக்கும் நூல்களில் ஒன்று. ஸ்பெயினின் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் அயர்லாந்துக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிதான். அன்றாட வாழ்வுக்கு ஸ்பானிஷ் வேண்டும். ஐரோப்பாவில் லூவன், பிராக் நகரங்களிலும் ஐரிஷ் ஆய்வு மையங்கள் உண்டு. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் ஆய்வு நிறுவனம் 1988-இலிருந்து இருக்கிறது. பிரிட்டனுக்குப் போன ஐரிஷ் தொழிலாளர்களின் வாழ்வைப் படிக்க நல்ல இடம்.

மாண்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைத் தனியாகச் சொல்லத் தோன்றுகிறது. 1847 பஞ்சத்தில் கப்பலேறி வந்த ஐரிஷ் அகதிகள் ஆயிரக்கணக்கில் காய்ச்சலில் மடிந்து புதைக்கப்பட்ட ஊர் அது. இன்று ஈழத் தமிழர்கள் கணிசமாக வாழும் ஊர்களிலும் ஒன்று. இரண்டு அகதி வரலாறுகளை ஒப்பிட்டு எழுத நினைக்கிற தமிழ் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்திய அரசின் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கையில் வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கி ஓடக் கூடாது. மாதம் 37,000 ரூபாயோடு இங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பதிந்து, நடுவில் இரண்டு மாதம் டப்ளின், கால்வே காப்பகங்களுக்குப் போய் வரலாம். கிரனடா முதலான ஸ்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் ‘எஸ்தூதியோஸ் இர்லாந்தேசஸ்’ இதழ் முழுவதும் இணையத்தில் இலவசம். அதைப் படித்துவிட்டுத் தொடங்கினாலே பாதி தூரம் போய்விடலாம்.

## பணமும் விசாவும் ஒரே பார்வையில்

| | அயர்லாந்து (டப்ளின், கால்வே) | பெல்ஃபாஸ்ட் | அமெரிக்கா (முனைவர்) |
|---|---|---|---|
| காலம் | ஓராண்டு | ஓராண்டு | ஐந்து, ஆறு ஆண்டு |
| கட்டணம் | 18,000–24,000 யூரோ | 20,000 பவுண்டு அளவில் | விலக்கு, உதவித்தொகை |
| முடித்த பின் | 2 ஆண்டு வரை | 2 ஆண்டு. 2027 முதல் ஒன்றரை | 12 மாதம் |
| தெரியாமல் போகும் செலவு | வாடகை, பதிவு, காப்பீடு | மருத்துவக் கட்டணம், டப்ளின் போக ஐரிஷ் விசா | கழிகிற ஆண்டுகள், மூலங்களின் தூரம் |

## என் வரிசை

ஒரே ஒருவருக்கு ஒரே பதில் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் சொல்வேன். ஐரிஷ் அரசின் சர்வதேசக் கல்வி உதவித்தொகைக்கு முதலில் முயலுங்கள். ஆண்டுக்கு 60 பேருக்கு முழுக் கட்டண விலக்கும் 10,000 யூரோவும் கிடைக்கும். அது கிடைத்தால் கால்வே. ஆய்வுப்பொருள் நாடகமோ மொழியோ அல்ல என்றால் டப்ளின். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள், கூடவே அமெரிக்க முனைவர் பட்டத்துக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாக வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கும். ஓராண்டு இலக்கியப் பட்டத்துக்காக அப்பா அம்மாவின் வீட்டை அடகு வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்தப் பாடத்தின்மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

நாட்காட்டி இதற்கு ஏற்ப: அயர்லாந்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான அரசு உதவித்தொகை அழைப்பு வழக்கமாக ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் வந்து அக்டோபரில் முடியும், அதற்கு முன்பே ஒரு நெறியாளர் சம்மதித்திருக்க வேண்டும். செவனிங்குக்கும் அக்டோபர் கணக்குத்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பர், ஜனவரி. முதுகலை உதவித்தொகை ஆண்டுத் தொடக்கத்தில் அறிவிக்கப்படும். சேர்க்கைக் கடிதம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும் என்பதால் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். நெறியாளருக்கு எழுதும்போது ‘தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்’ என்று ஆரம்பிக்காமல், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் விடுபட்ட ஒரு நூலைக் குறிப்பிட்டு, அதைப் பற்றி நீங்கள் என்ன கேட்க நினைக்கிறீர்கள் என்று நான்கு வரியில் எழுதுங்கள். அந்தப் பதில் வருகிற இடமும் உங்கள் வரிசையை மாற்றலாம்.